மாவு புளிக்கும்வரை மேல்முறையீடு

பூனைக்கு மணி கட்டுவதுதான் எங்கள் தொழில். சம்பளம் கிடையாது, கீறல் உண்டு. இணையக் குழுக்களில் இதே வேலை பார்க்கும் சக பாவிகளே, கேளுங்கள். புனேவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று போனில் ஒரு குழு. நிர்வாகிகள் இருவர்: விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று லோஹேகாவ் பகுதியில் இருக்கும் சுந்தரம் சார், டீச்சராக இருக்கும் அவர் மனைவி வசந்தா மேடம். அவர்கள் ஒரு பதிவைத் தூக்கி, போட்டவர் சண்டைக்கு வந்தால், தூக்கியவரிடமே அதைப் பணிவாகத் தெரிவிப்பது என் வேலை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பேசினவர்கள் பேரை போர்டில் எழுதிய அனுபவம் எனக்குப் போதுமாம்.

முதல் தகவல்

ஆகுர்டி பகுதியில் இருக்கும் மல்லிகா அக்காவின் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை போய்விட்டது. அக்கா விற்கிற இட்லி மாவில்தான் வீடு ஓடுகிறது. வாங்குகிறவர்கள் எல்லாம் எங்கள் குழுவில்தான். சனிக்கிழமை காலை "மாவு ரெடி" என்று போட்டார். "விளம்பரம் ஞாயிறு மட்டும்" என்ற புது விதிப்படி சார் அதைத் தூக்கினார். ஆட்சேபம் வந்திருக்கிறது என்று குழுவிலேயே எழுதினேன். அதையும் தூக்கினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"என் மேல புகார்னா என்கிட்டயேவாம்மா சொல்லுவீங்க? ஒரு நாகரிகம் வேண்டாம்?"

ஞாயிற்றுக்கிழமை நியாயம்

சார் பரிசீலித்தார். தன் தீர்ப்பைத் தானே படித்துப் பார்த்து, ரொம்பச் சரி என்று கண்டுபிடித்தார். ஞாயிறு காலை இட்லிக்குச் சனிக்கிழமையே மாவு வாங்க வேண்டும் என்பதெல்லாம் விதியில் இல்லையே! இரண்டு வாரம் மாவு மிஞ்சி, அக்கம்பக்கத்து மராட்டிக்காரர்களுக்கு ஓசியில் தோசை. இன்னொரு வாரமும் இப்படிப் போனால் கிரைண்டரை விற்றுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்ற முடிவில் இருந்தார் அக்கா.

"ஞாயித்துக்கிழமையே போட்டுக்கிறேன் தங்கச்சி. அதுவரைக்கும் புளிக்காதேன்னு மாவுகிட்ட நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

மேல் கோர்ட்

அடுத்த கட்டம், இன்னொரு நிர்வாகியிடம் மேல்முறையீடு. அதாவது அதே சோபாவின் அடுத்த முனை. வசந்தா மேடம் போனோடு பால்கனிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார். விதி போட்டதே அவர்தானாம். குழுவில் யார் மைசூர்பாகு, லட்டு என்று போட்டாலும் சார் கமுக்கமாக ஆர்டர் கொடுத்துவிடுகிறாராம். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறதாம். ஞாயிறு மட்டும்தான் மேடத்துக்கு ஸ்கூல் லீவு. அன்றைக்குத்தான் காவலுக்கு ஆள் உண்டு. பாவம், தன்னைக் காவல் காக்கப் போட்ட விதி என்று தெரியாமலே சார் அதைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.

"மாவுல சக்கரை இல்லல்ல? அப்ப சனிக்கிழமையே போடச் சொல்லும்மா!"

திருத்தம்

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மாவு தீர்ந்தது. கிரைண்டர் தப்பித்தது. உறுப்பினர் நலன் கருதித் தாமே விதியைத் தளர்த்தியதாகச் சார் நீளமாக ஓர் அறிவிப்பு போட்டார். போட்ட கையோடு எனக்குப் போன்.

"ஏம்மா, அந்த மல்லிகா அதிரசமும் சுடுவாங்களாமே? மேடம் ஸ்கூலுக்குப் போற நாளாப் பார்த்து அதுக்கும் ஒரு ஆட்சேபம் அனுப்பச் சொல்றீங்களா?"

ஒரு குழுவின் சட்டதிட்டம் மொத்தமும் ஒரே ஒரு மனுஷனின் ரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றத்தான் என்று தெரிந்த பிறகு, உலகத்தில் உள்ள அத்தனை நிர்வாகிகள் மேலும் எனக்கு மரியாதை கூடிவிட்டது.