முங்குவதற்கு முன் ஒரு மீன் குழம்பு

எனக்குச் சாப்பாட்டில் பெரிய அக்கறை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாலவனத்தத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணறும் போரும் வற்றி, மோட்டார் வெறுமனே ஓடிப் புகைந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊரில் தண்ணீர் குறையக் குறைய எனக்கு வேலை கூடும். மத்தியானம் மனைவி கொடுத்துவிட்ட தூக்குவாளியைத் திறப்பேன், உள்ளே இருப்பதைச் சாப்பிடுவேன், மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று பரீட்சை வைப்பாள். பாதி நாள் தப்பாகச் சொல்வேன். "ஒங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு எதுக்குத்தேன் இருக்கோ" என்பாள். இப்படிப்பட்ட ஆள்தான் ஒரு தீவில் கடை கடையாக ஏறி, எந்த மீன் குழம்பு உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் பக்கம் மீன் என்றால் கண்மாய் மீன். மழை பெய்து கண்மாய் நிறைந்து, பிறகு வற்றும்போது கெளுத்தியும் விராலும் அகப்படும். மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை, கருவாடுதான். கடல் மீன் அருப்புக்கோட்டைக்கு ஐஸ் பெட்டியில் வரும். அது கடலை விட்டு எப்போது கிளம்பியது என்று அந்த மீனுக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் கடல் எங்களுக்குத் தூரமில்லை. விடியக் கருக்கலில் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் ராமேஸ்வரம். ஆனால் எங்கள் வீடுகளில் ராமேஸ்வரத்துக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போவோம். அதற்கு யாராவது செத்திருக்க வேண்டும்.

முதல் தடவை என் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனோம். அக்கினி தீர்த்தத்தில் முங்கி, ஐயர் சொன்னதையெல்லாம் செய்து, கோயிலைச் சுற்றிவிட்டுத் திரும்பினோம். பாலத்துக்குச் சற்று முன்னால், பாம்பனில், பஸ் நின்றது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த என் மனைவி மூக்கை வெளியே நீட்டினாள். எங்கோ ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இது என்ன மீனுங்க? இந்த மாதிரி வாடை நான் பாத்ததே இல்லையே" என்றாள். முன் சீட்டிலிருந்த என் அம்மா திரும்பிப் பார்த்து, "முங்கிட்டு வந்தவ பேசுற பேச்சா இது? இந்தத் தீவுல கால் இருக்குற வரைக்கும் கவிச்சிய நெனைக்கவே கூடாது" என்றார்கள். பாம்பனும் தீவுதான். பாலம் தாண்டினால் கவிச்சி சாப்பிடலாம், ஆனால் அந்தக் குழம்பு பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

பிறகு அம்மாவுக்கே திதி கொடுக்கப் போனோம். அப்புறம் என் மாமனாருக்கு, அவருக்குப் பின் மாமியாருக்கு. ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது பாம்பனில் அவள் ஜன்னலைத் திறந்து வைப்பாள். வாடை ஒவ்வொரு தடவையும் வந்தது என்று சொல்ல முடியாது. வந்த தடவைகளில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புத் துலக்கினாள். "இதுல தேங்கா இல்ல." இன்னொரு வருஷம், "மாங்கா கெடக்கு. கிளிமூக்கு இல்ல, நல்ல புளிப்பு மாங்கா." நான் தூங்கிக்கொண்டு வருவேன்.

மாமியார் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, ஒருநாள் கடலைக்காய் உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இனி நமக்கு ராமேஸ்வரம் போற சோலி இருக்கா?"

"இல்ல. பெரியவுக எல்லாரும் போயாச்சு."

"அப்ப அடுத்துப் போனா ரெண்டு பேருல ஒருத்தருதேன் போவோம். மத்தவருக்காக."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளே தொடர்ந்தாள். "அதுக்கு முன்னாடி ஒருக்கா ரெண்டு பேருமாப் போயி, ஒரே பெஞ்சில ஒக்காந்து, அந்தக் கொழம்பத் தின்னுட்டு வந்துரணும்." சொல்லிவிட்டு மறுபடியும் கடலைக்காய் உடைக்க ஆரம்பித்தாள். அவள் எதையும் கேட்டு அடம்பிடிக்கிறவள் அல்ல. அதனால்தான் எனக்கு உறுத்தியது.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் விஷயம் கேட்டுச் சிரித்தாள். ஜனங்கள் நட்சத்திரம் போட்ட கடைகளாகத் தேடிப் போனில் அனுப்பினாள். அது சுலபமாக முடிந்தது. ஊர்க்காரர்களிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எம்.ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் மோட்டார் வாங்க மறுநாள் வருவதாகச் சொன்னார். "நாளைக்குக் கடை லீவு, ராமேஸ்வரம் போறேன்" என்றேன். உடனே குரலைத் தணித்து, "யாருண்ணே?" என்றார்.

"யாருமில்ல. சும்மா, மீன் சாப்பிடப் போறோம்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். துக்கத்தை மறைக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார் போல. மறுநாள் பஸ் திருச்சுழியைத் தாண்டுவதற்குள் என் மனைவியின் போனுக்கு அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணி கூப்பிட்டு, "என்னடி, சொல்லவே இல்ல? யாரு தவறுனது?" என்று அழாத குறையாகக் கேட்டார். ஒருவரும் தவறவில்லை என்று அவரை நம்பவைப்பதற்குள் பாதி வழி போய்விட்டது.

ராமேஸ்வரத்தில் இறங்கும்போது மீன் கடைகள் எதிலும் அடுப்பே பற்றவைக்கவில்லை. சோறு தயாராகப் பன்னிரண்டு மணியாகும் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கடலையாவது பார்ப்போம் என்று போனோம். நான் கரையில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கால் நனைக்கிறேன் என்று இறங்கினாள். முழங்கால் வரைக்கும் தண்ணீர் வந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் முங்கிக்கொண்டிருந்தது. என் மனைவியும் கிழக்கே பார்த்துக் கைகூப்பினாள், மூக்கைப் பிடித்தாள், முங்கினாள். மூன்று முங்கு. எழுந்து முகத்தை வழித்துவிட்டுக் கரையில் நின்ற என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்ன செய்துவிட்டாள் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சேலையைப் பிழிந்துகொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "பழக்கத்துல முங்கிட்டேன்" என்றாள்.

"அதனால என்ன? திதியா குடுத்தோம்? குளிச்ச மாதிரி வச்சுக்குவோம்."

"முங்கும்போது அத்தையை நெனச்சுட்டேனே."

அத்தை என்பது என் அம்மா. செத்தும் என் அம்மா அவளைச் சாப்பிட விடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. சட்டம் போட்டவரும் இல்லை, பார்க்கிறவர்களும் இல்லை, பேசாமல் சாப்பிடு என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "மனசு ஒட்டாமத் தின்னா என்னத்துக்கு ஆகும்? நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க" என்றாள். பையில் புளியோதரை இருந்தது. மீன் சாப்பிடக் கிளம்பியவள் பழக்கத்தில் கட்டுச்சோறும் கட்டியிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆக, நான் தின்ன வேண்டும், அவள் கேட்க வேண்டும். பாம்பனுக்கு வந்து, மகள் அனுப்பிய கடைக்கு முதலில் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சீலா மீன் துண்டைப் பொரித்து வைத்தார்கள். நான் தின்றேன். எதிரே அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எப்பிடி?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாத்தேன் இருக்கு. காரமா, உப்பா."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "கையக் கொண்டாங்க" என்றாள். மேஜைக்கு மேலேயே என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களை முகர்ந்து பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இது இல்ல. இது எண்ணெ வாடை" என்றாள்.

"மோந்தா மட்டும் பரவால்லயா?"

"இத்தன வருசமா மோந்துக்கிட்டுத்தான வாரேன். அத்தையாலயே ஒண்ணும் செய்ய முடியல."

இரண்டாவது கடையில் நண்டு. ஓட்டை உடைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் மசாலா ஆனது. மறுபடியும் கையைப் பிடித்து முகர்ந்தாள். "சோம்பு தூக்கலா இருக்கு. நம்ம பக்கத்து ஆளு சமையலு." விசாரித்தேன். மாஸ்டருக்கு உசிலம்பட்டி.

மூன்றாவது கடைக்கு நட்சத்திரமும் கிடையாது, போர்டும் கிடையாது. ஏற்கெனவே வயிறு முட்டியிருந்த நான் ஊருக்குக் கிளம்பலாம் என்றேன். அவள் காதில் வாங்காமல், படகுகள் கட்டியிருக்கும் பக்கமாக ஒரு சந்துக்குள் நடந்தாள். வாடை பிடித்துத்தான் நடந்தாள். ஒரு வீட்டு முன்னால் தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. அடுப்படியில் நின்ற அம்மா எனக்கு மட்டும் இலை போட்டார்.

"அக்கா சாப்பிடலையா?"

"முங்கிட்டேன்மா."

அந்த அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருப்பார். சோற்றில் குழம்பை ஊற்றினார். விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன வெள்ளி நிற மீன், காரல் என்றார். நடுவே மாங்காய்த் துண்டுகள். என்னைக் கேட்டால் புளிப்பாக இருந்தது, சூடாக இருந்தது, முள் அதிகம். அவள் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நாலு வாய் சாப்பிடும் வரைக்கும் பொறுத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். முகர்ந்தாள். விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முகர்ந்தாள்.

"இதுதேன்" என்றாள்.

கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காந்தலாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசைப்பட்ட குழம்பு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது, கை நீட்டி எடுக்க அவளால் முடியவில்லை. எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அவள்தான் எழுந்து போய், "சோறும் கொழம்பும் ஒரு பார்சல் கட்டுங்கம்மா. பாலத்தத் தாண்டிச் சாப்பிட்டுக்கிறேன்" என்றாள். சட்டத்தில் இருந்த ஓட்டையை அவள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்திருக்கிறாள். என் அம்மா பக்கத்தில் இருந்த காலத்தில் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டாள். மீன் வாடைக்கு முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பாலத்தில் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள். அவள் நேராக, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் இறங்கி, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தாள். நான் அவளுக்கு முன்னால் மறைப்பாக நின்றுகொண்டேன், வெயிலுக்கா ஆட்களுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் வாயை மெதுவாக மென்றாள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தப் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"எப்பிடி?" என்றேன்.

"உப்பு ஒரு கல்லு கூட. ஒங்களுக்கு இது தெரியலயா?" மறுபடியும் மென்றாள். "ஆறிப்போச்சு. மாங்கா கொழைஞ்சுருச்சு. சூடாத் தின்னிருந்தா சரியா இருந்திருக்கும்." இவ்வளவு குறையும் சொல்லிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சி ஓரமாக அடுக்கினாள்.

"அடுத்த மாசம் மறுபடி வருவோம்" என்றேன். "கடல் பக்கமே போக வேண்டாம். நேரா பாம்பன்ல எறங்கிருவோம்."

"வருவோம்" என்றாள். இலையை மடித்தாள். பிறகு சாதாரணமாக, தேங்காய் வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். "ஒருவேள நான் இல்லாம வர வேண்டியிருந்தா, மொதல்ல அந்தக் கடைக்குப் போயிச் சாப்பிட்டுருங்க. அப்பறம் முங்கிக்கலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்து இப்படிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் அது பயம்தான். அந்தப் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பது ஒரு நிமிஷம் தெரிந்தது. எனக்கு முன்னால் அதே குழம்பு, புளிப்பாக, சூடாக. உப்பு கூடவா குறைவா என்று சொல்லப் பக்கத்தில் யாருமில்லை.

"ராமநாதபுரம் பஸ் வருது. கையக் கழுவு" என்றேன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றப் போனேன். அவள் கையை நீட்டினாள். நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"என்ன தெரியுது?"

"மாங்கா" என்றேன். "கிளிமூக்கு இல்ல."