ரெண்டாவது தறியில் யார் உட்காருவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு நான் வாயைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். பேசத் தொடங்கும்போது நேரம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பள்ளித் தமிழம்மா கற்றுக்கொடுத்த பழக்கம்.

அப்போது நான் ஆரணியில் எட்டாம் வகுப்பு படித்தேன். விவாதப் போட்டிக்குத் தமிழம்மா என்னைத் தயார் செய்துகொண்டிருந்தார். எதிராளி சொன்னதை அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி. கேட்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதில் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும். கத்துகிறவர்களுக்கு மார்க் கிடையாது என்பார். நான் இதை எல்லாரிடமும் பழகிப் பார்த்தேன். கீரைக்காரர் எங்கள் வாசலில் நிற்பதையே விட்டுவிட்டார்.

அன்று அத்தையைப் பெண் பார்க்க சேவூரிலிருந்து வந்திருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. கண்ணமங்கலத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் டீச்சர். வேலையை விடச் சொன்னதால் முன்பு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போய்விடக் கூடாதே என்று அப்பா காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மற்ற ஊர்களில் பெண்ணைப் பாடச் சொல்வார்களாம். எங்கள் தெருவில் தறியில் உட்காரச் சொல்வார்கள். அத்தை கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு தறிக்குழியில் காலை இறக்கி, ஊடை நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கிடையே நாலு முறை ஓட்டிக் காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கை நல்லா ஓடுது. எம் பையன் பட்டுக் கடைக்குப் போயிடறான். எங்க வீட்டுல ரெண்டாவது தறி சும்மாவே கெடக்குது. இனிமே அதுவும் ஓடும்."

அப்பா தயங்கித் தயங்கி அத்தையின் வேலையைப் பற்றிக் கேட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கேசரியை விழுங்கிவிட்டு, "தாராளமா போவட்டும். நாங்க இன்னா வேணான்னா சொல்லப் போறோம்?" என்றார். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அத்தை வேலைக்குப் போலாம்னு சொன்னீங்க, சரிங்களா?" தாய்மாமன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "ரெண்டாவது தறி ஓடும்னும் சொன்னீங்க, சரிங்களா?" அந்த அம்மாவும் தலையாட்டினார். "ஏழரை பஸ்ஸுக்குப் போனா அத்தை திரும்பி வர இருட்டிடும். அப்ப அந்தத் தறியில யாருங்க உக்காருவாங்க?"

கற்றபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"பொண்ணுக்கு வக்கீல் வேற வெச்சிருக்கீங்க போல" என்று தாய்மாமன் எழுந்தார். காபியில் ஆடை படிவதற்குள் வாசலில் ஒரு செருப்பும் இல்லை.

அம்மா என்னை அடிக்கக்கூட இல்லை. "போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று மட்டும் அப்பா சொன்னார். அத்தை உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னால் இனி அவளுக்குக் கல்யாணமே ஆகாது என்று பயந்தேன். அந்தப் பயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இன்று என் மகள் பள்ளி விவாத அணியில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்த உறவினர் எதையாவது அடித்துச் சொன்னால், அவள் கண் கடிகாரத்தின் பக்கம் போகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மாப்பிள்ளை தனியாக வந்திருந்தார். மாலையில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், இப்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்க, அப்பாவைத் தாண்டி என்னைத் தேடினார்.

அவர் சொன்னது சரியான பதில். ஒப்புக்கொண்டு தலையாட்டினேன். தோற்றுவிட்டோமே என்று அழுகை வந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் ஏன் சட்டென்று நின்றது, அப்பா ஏன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கடையில நாள் முச்சூடும் நின்னுகினே இருக்கேன் பாப்பா. சாயங்காலம் வந்து அந்தத் தறியில நான் உக்காந்துக்கறேன். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வரேன். அத்தைய ஏழரை பஸ்ஸுக்குப் போவச் சொல்லு."