சீம்பாலும் செசிலியின் தீஸிஸும்

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது.

ஏற்காடு ரோட்டில் லாரி போவது புதிதா என்ன? போகும். ஆனால் நிற்காது. நின்றாலும் அதன் பின்பக்கத்திலிருந்து ஆட்கள் குதிக்கமாட்டார்கள். இதில் குதித்தார்கள் – வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் டிரைவர் பக்கத்து ஸீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவள் மாரோடு அணைத்திருந்த துணிச்சுருளுக்குள் ஒரு பச்சைக் குழந்தை.

“நர்சம்மா ஊடு இதுதானுங்களா?” என்று கேட்டார், எல்லோருக்கும் முன்னால் வந்த பெரியவர்.

ஆமாம் என்று சொல்வதா, அடுத்த வீடு என்று கை காட்டிவிடுவதா... ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் என் மகள் செசிலி வெளியே வந்துவிட்டாள்.

மேலே சொல்லுமுன் ஒரு விஷயம். இந்த வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதப் போவது தாய்ப்பாலைப் பற்றி. அதிலும் பிள்ளை பெற்றதும் முதலில் சுரக்கும் சீம்பாலைப் பற்றி. பத்திரிகையின் பெண்கள் பகுதியில்கூட வராத சங்கதியை ஒரு பௌதிக வாத்தியார் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த முதல் பாலைக் கொடுக்காமல் பீய்ச்சி மண்ணில் ஊற்றினார்கள். நாமெல்லாம் இப்படி இருப்பது அதனால்தானோ என்னவோ!

செசிலி நர்ஸ். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து, அதைச் சேர்ந்த நர்ஸிங் பள்ளியில் பாடமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மேல்படிப்புக்குத் தீஸிஸ் எழுதுகிறாள். நர்ஸுக்குத் தீஸிஸா என்று நானே முதலில் கேட்டேன். ஊசி போடுவதில் என்ன ஆராய்ச்சி?

அவள் ஆராய்ச்சி ஊசியைப் பற்றியது அல்ல. நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில், பிள்ளை பிறந்ததும் ‘சேனை’ வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரையோ கருப்பட்டித் தண்ணீரையோ உறவில் மதிப்பான ஒருவர் விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பது. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அதன்பிறகு மூன்று நாளைக்குச் சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், ஆட்டுப்பால். தாயின் மஞ்சளான முதல் பால் ஆகாது. அழுக்குப் பால் என்று பேர்.

அதே வீட்டுக் கட்டுத்தரையில் எருமை ஈன்றால் என்ன செய்வார்கள்? கன்றை முட்டிக் குடிக்க விட்டுவிட்டுத்தான் மறுவேலை. சீம்பால் குடிக்காத கன்று பிழைப்பது கஷ்டம் என்பது அவர்களுக்கும் தெரியும், மாட்டு டாக்டர்களின் புத்தகங்களிலும் பக்கம் பக்கமாக இருக்கிறது. செசிலியின் நர்ஸிங் புத்தகத்திலோ அதைப் பற்றி ஒரே ஒரு வரி.

ஏன் ஒரே வரி? இதுதான் அவள் கேள்வி. இதற்காக எந்தப் படியும் ஏறினாள். மாட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து படித்தாள். திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி எருமப்பட்டிப் பக்கம் போய்ப் பிள்ளை பெற்றவர்களோடு பேசினாள். அவளுடைய பேராசிரியை, இது கால்நடைக்காரர்கள் விஷயம் என்றார். கால்நடை டாக்டர், மனுஷங்க விஷயத்துக்கு நான் எப்படியம்மா பதில் சொல்வேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, பெண்ணை மாட்டு டாக்டருக்குப் படிக்க வைக்கிறீர்களாமே என்று ஒருவர் என்னிடம் குசலம் விசாரித்தார்.

நம் படிப்பெல்லாம் இப்படித்தான் – ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் வேலை. நானே நெம்புகோல் விதியைப் பல வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். வீட்டில் பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் ஆள் கூப்பிடுகிறேன்!

போகட்டும். லாரிக்கு வருவோம்.

வந்த பெரியவர் பெயர் நல்லுசாமி. எருமப்பட்டிக்காரர். குழந்தை அவருடைய பேரன், பிறந்து நாலு நாள். தாய் பாவாயி அவர் மருமகள். லாரியை ஓட்டி வந்தவன் பாவாயியின் புருஷன். அந்தத் திங்கட்கிழமை, பிரசவத்தன்று, செசிலி அங்கே இருந்திருக்கிறாள். சேனை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வழக்கத்தோடு சண்டை போட்டால் கதவு சாத்திவிடும் என்று அவளுக்குத் தெரியும். நல்லுசாமியையே சேனை வைக்கச் சொல்லி, வைத்து முடித்த கையோடு குழந்தையைத் தாயின் மாரில் போட்டுவிட்டாள்.

இப்போது குழந்தையின் மேல் மஞ்சள் பூத்திருந்தது. முகம், கழுத்து, கண்ணின் வெள்ளைகூட.

நல்லுசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“மஞ்சப் பாலக் குடுக்கச் சொன்னீங்க. குடுத்தோம். புள்ள மஞ்சளாப் போச்சு. இதுக்கு மேல என்னுங்க ருசு வேணும்?”

காரணம், காரியம் இரண்டும் ஒரே நிறம்! பாடம் நடத்துகிற எனக்கே ஒரு கணம் நியாயமாகப் பட்டது.

செசிலி குழந்தையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தாள். பால் நன்றாக இழுத்துக் குடிக்கிறதா, மலம் போகிறதா, துணி நனைகிறதா என்று பாவாயியிடம் விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்று தலையாட்டினாள் அந்தப் பெண். பிறந்த குழந்தைகள் பலவற்றுக்கு மூன்றாம் நாள், நாலாம் நாள் இப்படி மஞ்சள் வருவது உண்டு, பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், ஆனாலும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பாலை மட்டும் நிறுத்தவேண்டாம்.

நல்லுசாமிக்கு அது சம்மதமில்லை. பாலை நிறுத்திவிட்டு, வைத்தியரிடம் பச்சிலை அரைத்து வாங்கிப் புகட்டப் போவதாகச் சொன்னார். பிள்ளைக்கு இந்த நிறம் எதனால் வந்தது என்று இந்த வீட்டுக்காரர்களும் பார்க்கட்டும் என்றுதான் இங்கே வந்தாராம்.

“ஐயா, உங்க கட்டுத்தரையில எருமை ஈனினா, கன்னுக்கு மொதல்ல என்ன குடுப்பீங்க?” என்று கேட்டாள் செசிலி.

“சீம்பாலுதானுங்க.”

“அதுவும் மஞ்சள்தானே? கன்னு மஞ்சளாச்சா?”

பெரியவர் அசரவில்லை. “கன்னு கறுப்புங்க. மஞ்சளாச்சுன்னா எப்படித் தெரியும்?”

அடுக்களைப் பக்கம் நின்றிருந்த என் மனைவி ரோஸ், அந்தக் கலவரத்திலும் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். செசிலியின் தியரிக்கு இப்படியொரு கேள்வியை அவளுடைய பேராசிரியைகூடக் கேட்டிருக்கமாட்டார்.

பதில் சொன்னது பாவாயி. அதுவரை தலை நிமிராமல் இருந்தவள்.

“மொதப் புள்ளைக்கு நீங்க சொன்னதெல்லாம் குடுத்தமுங்க மாமா. தண்ணி, எண்ணெய், ஆட்டுப்பாலு, எல்லாந்தான். அது நிக்கலீங்க. இதுக்கு நான் பால நிறுத்த மாட்டேனுங்க.”

அவளுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை போயிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். சரி, ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றார். படியிறங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

“வாத்தியாரய்யா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த ஊட்டு வாசல்லதான் கொண்டாந்து போடுவமுங்க.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. அறிவிப்பு மாதிரி சொன்னார். இதை எழுதும்போதும் அந்த வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தையைச் சேர்த்துக்கொண்டார். வழக்கமாக வருகிற மஞ்சளாகத்தான் தெரிகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சில நாள் பார்க்கவேண்டும் என்றார். இந்தப் பாலால் இது வரவில்லை என்று நல்லுசாமியிடம் சொன்னார். நான் மூச்சு விட்டேன். உடனே டாக்டர் செசிலியின் பக்கம் திரும்பி, இந்தப் பாலால் விசேஷ நன்மை உண்டு என்றும் நான் எங்கேயும் படித்ததில்லை, நர்ஸுக்கு எதற்கம்மா இந்த வேலையெல்லாம், என்றார். விட்ட மூச்சை நான் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு... மஞ்சள் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறி, கால் வரைக்கும் பரவின மாதிரிகூட இருந்தது. செசிலி வார்டிலேயே கிடந்தாள். நான் சாப்பாட்டுக் கூடையோடு போவேன். அங்கே வராந்தாவில் நல்லுசாமியின் ஆட்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். நான் யாருக்கு என்று குறிப்பில்லாமல் ஒரு வணக்கம் போடுவேன். யாரிடமிருந்து என்று குறிப்பில்லாமல் ஒன்று திரும்பி வரும்.

ஞாயிறு மாலை செசிலியிடம் சொல்லியே விட்டேன். “விட்டுடேன்மா. புத்தகத்துல ஒரு வரி இருக்குன்னா, ஒரு வரியாவே இருந்துட்டுப் போகட்டுமே.”

“இந்தக் குழந்தை பிழைச்சாலும் என் தீஸிஸுக்கு அது ருசு இல்லேப்பா. இல்லாம போனாலும் ருசு இல்லே,” என்றாள். “ஒண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நிறையக் குழந்தைகளைப் பார்க்கணும். அதுக்குத்தான் போறேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணெதிரே ஒரு உயிர் ஊசலாடுகிறது. இவள் ருசு, ருசு இல்லை என்று பேசுகிறாளே! அப்புறம்தான் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தேன். காலையில் கொண்டுவந்தது கைபடாமல் அப்படியே இருந்தது.

திங்களன்று மஞ்சள் காலிலிருந்து இறங்கியது. செவ்வாயன்று வயிற்றிலிருந்து. அதற்கடுத்த நாள் கண்ணில் மட்டும் ஒரு சாயல். குழந்தை பால் குடித்துக்கொண்டே இருந்தது, வார்டே கேட்கும்படி அழுதது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நல்லுசாமி செசிலியைக் கையெடுத்துக் கும்பிட்டாரா? அதுதான் இல்லை! மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டாராம், ஆத்தா காப்பாற்றிவிட்டாளாம். டாக்டரிடமும் அதையே சொன்னார். பாவாயி லாரியில் ஏறுமுன் செசிலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டதற்கு அது உங்களுக்கில்லை என்றுவிட்டாள் என் மகள்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? மறுநாள் நர்ஸிங் பள்ளிக் கண்காணிப்பாளர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதை தெரிந்த அம்மாள். நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். லாரியில் ஆள் வந்தது, ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடியது எல்லாம் பள்ளிக்கு நல்ல பேர் இல்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“வார்டு வேணுமா, ரிசர்ச் வேணுமா, ஒண்ணை முடிவு பண்ணச் சொல்லுங்க சார். நீங்க சொன்னாக் கேட்பா.”

நான் ஆயுள் முழுக்க, ‘சரிங்க’ சொல்லியே பிழைத்தவன். தலைமை ஆசிரியருக்கு, வீட்டுக்காரருக்கு, பங்குச் சாமியாருக்கு, ரேஷன் கடைக்காரருக்கு. அன்றைக்கும் வாயில் அதுதான் வந்து நின்றது. அப்போது ஜன்னல் ஓரம் குழந்தையை ஏந்தி நின்ற செசிலி என் நினைவுக்கு வந்தாள். அழுத்தின விரல் வார்டு கற்றுத் தந்தது. பாலை நிறுத்தாதே என்று சொன்ன தைரியம் படிப்பு கற்றுத் தந்தது. எந்தக் கையை வெட்டச் சொல்கிறார் இந்த அம்மாள்?

“ரெண்டும் வேணும், மேடம்,” என்றேன். “வார்டு இல்லேன்னா அவளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. கேள்வி இல்லேன்னா அவ வார்டுல நின்னு என்ன பிரயோஜனம்?”

அப்படியானால் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார்.

“எழுதுங்க மேடம். நானும் எழுதறவன்தான்.”

இதைச் சொன்னது நான்தானா என்று வீட்டுக்கு வரும்வரை சந்தேகம். ரோஸ் நம்பவே இல்லை.

மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வேலை போகுமா, தீஸிஸ் போகுமா, ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் செசிலி பையைத் தூக்கிக்கொண்டாள். எருமப்பட்டிக்குத்தான். நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அந்த நல்லுசாமி ஊரில் இருப்பாரே என்று மெல்லக் கேட்டேன்.

“இருப்பார்ப்பா. அவர் மக பிரசவத்துக்கு வந்திருக்கா. இது ஒன்பதாம் மாசம்.”

“உன்னை உள்ளே விடுவாரா?”

“கேட்டுப் பார்க்கிறேன்,” என்றாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து கையசைத்தாள்.

என் பயத்தை நானே வைத்துக்கொண்டேன் – அவளோடு பஸ் ஏற்றி அனுப்பவில்லை.