என் பெயரில் போன ரத்தம்

அறுபதுகளில் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தேன். பிழை திருத்தும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும். மாற்ற வேண்டிய எழுத்தை உதட்டில் கவ்விக்கொள்வேன். எங்களில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

கம்பாசிட்டர்களின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். இருந்தால் பைண்டிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பசை தடவிக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. அங்கே என்னைவிட வேகமாகக் கோப்பவர் யாருமில்லை என்ற திமிரும் இருந்தது.

மாடியில் புரூஃப் பார்க்கும் நண்பர் ஈயத்தைத் தொடுகிறவரே இல்லை. என் பெயரைச் சொல்லிக் கை நீட்டும்படி அவரைக் கேட்டேன்.

"ஒரு பிரியாணி வாங்கிக் குடு, போதும்லா," என்றார். வந்த நர்சுக்கு எங்கள் முகம் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. ஈயம் ஆபத்தான அளவில் இருக்கிறது, உடனே வர வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. ரத்தம் பிடித்த சோதனைக்குழாயை யாருடையதோடோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். போனால் என் சொந்த ரத்தத்தை எடுப்பார்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பல மாதமாகவே வயிற்றுவலி என்பார். பிரியாணி வலி என்று கேலி செய்வோம். அன்று பயந்துபோனேன். டாக்சி பிடித்து அழைத்துப்போய், டாக்டரிடம் கடிதத்தைக் கொடுத்து உள்ளதைச் சொன்னேன்.

டாக்டரும் தமிழர்தான். "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று நண்பரைக் கேட்டார்.

நண்பர் ஒரு பொட்டலத்தை எடுத்தார். மூட்டுவலிக்காக ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்த செந்தூரம். "தேன்ல குழைச்சு ரெண்டு வேளை, டாக்டர். நாட்டு மருந்துதானே, ஒண்ணும் செய்யாது."

சோதித்ததில் அந்தப் பொடியில் ஈயம் இருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். என் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. ஓய்வுபெறும்வரை பைண்டிங்கில் பசையோடு கழித்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், "இவன் மட்டும் ஏமாத்தலன்னா நான் அன்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்," என்று அவர் என் தோளைத் தட்டுவார். எனக்குக் கூசும். கடிதம் மூன்று நாள் என் பையில் இருந்ததை அவரிடம் நான் சொல்லவேயில்லை. அந்த மூன்று நாளும் அவர் வேளை தவறாமல் செந்தூரம் சாப்பிட்டிருக்கிறார்.