கடைசி வண்டி வரும்வரை

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வியாழக்கிழமை என் அப்பா காணாமல் போனார். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கேட் திறந்து கிடந்தது.

சபையில் எழுந்து சாட்சி சொல்லும்படி போதகர் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். எனக்கு மைக்கைக் கொடுத்தால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் யாரையாவது திட்டிவிடுவேன். என் வாய் அப்படி. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். அப்பாவுக்காக முழங்கால் போட்டு ஜெபித்தவர்களுக்கு நடந்தது முழுதாகத் தெரிய வேண்டும்.

அப்பா கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஊர் ஜனங்களுக்கு மாட்டு டாக்டர். எரியோடு, வேடசந்தூர் பக்கம் அவருடைய புல்லட் போகாத தோட்டம் இல்லை. ஓய்வு பெற்று, அம்மாவும் கர்த்தரிடம் போன பிறகு, ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் சாவியை மறந்தார். பிறகு தெருவை மறந்தார். கடைசியில் பெற்ற மகளையும் மறந்தார். என் கணவரிடம், "அந்தப் பொண்ணு நல்லா வெஞ்சனம் வைக்குதே, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இன்னொரு கரண்டி வைப்பேன்.

ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. அந்தப் புல்லட் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். திண்டுக்கல் மணிக்கூண்டு பக்கம் ஆம்பிளைகள் முறைத்துப் பார்ப்பது பழகிவிட்டது. காலையில் வண்டி வெளியே போனதும் அப்பா கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வந்து உட்காருவார். சாயங்காலம் தெருமுனையில் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, கேட்டை முழுதாகத் திறந்து, வண்டி உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். பெயர் தெரியாத யாரோ ஒரு பெண்ணுக்குத்தான் திறக்கிறார். ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமை வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. சனிக்கிழமை எங்கள் பைக் பயணம் இருந்ததால் சர்வீஸுக்கு விட்டுவிட்டு, நான் பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தேன். காலையில் வண்டி போகவில்லை, கேட்டைச் சாத்தும் வேலையும் வரவில்லை. வண்டியைத் தேடிக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறோம்.

போலீஸில் புகார் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், பூ மார்க்கெட், மலைக்கோட்டை அடிவாரம் என்று என் கணவரும் சொந்தக்காரர்களும் அலைந்தார்கள். நான் போட்டோவைக் காட்டாத டீக்கடை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா செருப்புகூடப் போடாமல் போயிருந்தார். அந்தச் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை எனக்காகச் சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். காணாமல் போன ஆட்டை மேய்ப்பர் தேடிக் கண்டுபிடிப்பார் என்று ஒரு சகோதரி ஆறுதல் சொன்னார். என் அப்பா ஆடு இல்லை, வேளாவேளைக்குச் சர்க்கரை மாத்திரை போட வேண்டிய மனுஷன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்தச் சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபம் செய்ய எனக்கு வார்த்தை வரவில்லை. ஆண்டவர்மேல் எனக்குக் கோபம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் பைக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு முன்னால், ஏதாவது ஒரு இல்லத்துக்கு வேண்டிய சாமான்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போவோம். அரிசி மூட்டைகள் ஒரு குட்டி லோடு வண்டியில் முன்னால் போகும். மற்றதை ஆளாளுக்குப் பின்சீட்டில் கட்டிக்கொள்வோம். அந்த முறை வேடசந்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போர்வைகள். இன்னொருவர் அப்பாவுக்குப் போர்த்த நான் போர்வை கொண்டுபோக வேண்டும். என் அப்பா எந்தத் தரையில் படுத்திருக்கிறாரோ தெரியாது.

வரவில்லை என்று சொல்லத்தான் ஜெயசீலன் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர்தான் எங்கள் குழுவை நடத்துகிறவர். பயணத்தையே தள்ளி வைத்துவிடலாம் என்றார். அதைக் கேட்டதும் எனக்கே பொறுக்கவில்லை. இல்லத்தில் இருக்கிறவர்கள் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களே. காத்திருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அந்த வாரம் நன்றாகத் தெரிந்திருந்தது. என் கணவரும், "நீ போயிட்டு வா எஸ்தர், இங்க நான் பாத்துக்கறேன்" என்றார். போனேன். கடைசி வண்டியாகத்தான் வருவேன் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசியில் வந்தால் அழுவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வழி பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர்களில் ஒருவர் நின்றுகொள்வார். பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கையைக் காட்டித் திருப்பிவிட்டு, கடைசி வண்டி திரும்பிய பிறகுதான் அவர் கிளம்பலாம். போய்ச் சேர்ந்த இடத்திலும் கடைசி வண்டி வரும்வரை யாரும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. அன்றுவரை ஒருவரும் வழி தவறியதில்லை.

அன்று வழக்கமான சாலையில் பாலம் வேலை நடந்ததால் சுற்றுவழியில் போனோம். எரியோடு தாண்டி ஒரு பிரிவில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் நின்றவர் ஜெயசீலன் அண்ணன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சாப்பாட்டுக்கு ஜெபிக்க ஆரம்பித்தால் சாம்பார் ஆறி ஆடை கட்டிவிடும். அவ்வளவு நீளம். மற்ற வண்டிகளையெல்லாம் திருப்பிவிட்டார். நான் வெகுதூரம் பின்தங்கியிருந்தேன். செத்த நேரம் இருக்கிறதே, எஸ்தருடைய அப்பாவுக்காக ஒரு ஜெபம் செய்வோம் என்று புளியமரத்து நிழலுக்குள் ஒதுங்கி, கண்ணை மூடியிருக்கிறார். அதே நேரம் வைக்கோல் லாரி ஒன்று இரைந்துகொண்டு எதிரே வந்தது. அதைக் கடந்து நான் நேராகப் போய்விட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. பைக் ஓட்டுகிற எந்தக் கூட்டத்திலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா?

கொஞ்ச தூரம் போன பிறகுதான் முன்னால் ஒரு வண்டியும் இல்லை என்று உறைத்தது. சாலை குறுகி மண்பாதையாகி, ஒரு பக்கம் முருங்கைத் தோட்டமும் மறுபக்கம் மல்லிகைச் செடிகளுமாக இருந்தது. தோட்டத்து வீடு ஒன்றுக்கு முன்னால் நின்றேன். தகரக் கேட் சாத்தியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. வண்டியை அணைக்கவில்லை. அணைத்தால் அந்தக் கிழட்டுப் புல்லட்டை மறுபடி உதைக்க என் காலில் பலம் இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். மூன்று நாளில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். "ஆண்டவரே, அப்பாவத் தொலைச்சேன், இப்ப வழியவும் தொலைச்சிட்டேன். இனி ஒங்க பாடு." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

தகரம் உரசுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கேட் முழுதாகத் திறந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, யாருடையதோ ஒரு கட்டம்போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு, என் அப்பா நின்றார்.

"வந்துட்டியா? உள்ள விடு" என்றார்.

வண்டியை உள்ளே விட்டேன். வேறு என்ன செய்ய? ஸ்டாண்ட் போட்டு இறங்கி அவர் காலடியில் உட்கார்ந்து, அந்தப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தேன். யாரோ எண்ணெய் தடவி, புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மாள் பேச்சியம்மாள், பூக்கூடையை வைத்துவிட்டு ஓடி வந்தார். முந்தின நாள் காலையில் அவர்கள் மாட்டுக்கொட்டத்தில் அப்பா உட்கார்ந்திருந்தாராம். பசுவின் காதைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறது என்றாராம். உண்மையிலேயே இருந்ததாம். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஊர் கேட்டால் ஒவ்வொரு தடவைக்கு ஒரு ஊர். சோறு போட்டு, திண்டாட விடாமல் கூடவே வைத்துக்கொண்டார்கள். அன்று பூவைச் சந்தைக்கு ஏற்றிவிட்டு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதாக இருந்தார்களாம்.

"கவலையே படல தாயி அவரு" என்றார் பேச்சியம்மாள். "எப்படிய்யா வீட்டுக்குப் போவீகன்னு கேட்டா, என் வண்டி வரும், அதுல போயிருவேன்னாரு. எத்தன தடவ கேட்டாலும் அதேதான். வண்டி வரும், வண்டி வரும். எந்த வண்டியோன்னு நாங்களும் ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தோம்."

அதைக் கேட்டதும்தான் உடைந்துபோனேன். சபையே கூடி ஜெபம் வைத்தும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சொந்தப் பெயர்கூடத் தெரியாத மனிதர் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரத்துக்குள் தூரத்தில் பல பைக்குகளின் சத்தம் கேட்டது. கடைசி வண்டி வராததால் லோடு வண்டியோடு முழு வரிசையும் திரும்பிவிட்டது. மண்பாதையில் என் டயர்த் தடத்தைப் பார்த்து வந்தார்களாம். முதலில் வந்தவர் ஜெயசீலன் அண்ணன். முகம் செத்துப்போயிருந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்ததும் வண்டியில் உட்கார்ந்தபடியே தேம்பி அழுதார். அப்பாவோ யாருக்காகவும் கேட்டை விடவில்லை. கடைசி பைக் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சாத்திக் கொண்டி போட்டார். பேச்சியம்மாள் வீட்டு முற்றத்தில் நாங்கள் எல்லாரும் நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம். அந்தம்மாவும் தன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார். அன்று ஜெயசீலன் அண்ணன் செய்த ஜெபம் ஒரே வரி. அவர் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அதுதான்.

லோடு வண்டியின் முன்சீட்டில் அப்பாவை உட்கார வைத்து, முதியோர் இல்லத்துக்கும் போனோம். போர்வைகளை அப்பா கையாலேயே கொடுக்க வைத்தேன். ஒன்றைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பா குணமாகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்காகவும் ஜெபித்தேன், இன்னும் ஜெபிக்கிறேன், பதில் வரவில்லை. ஆனால் ஜெபம் என்றால் எனக்கு முன்பிருந்த பயம் போய்விட்டது. அழகாகப் பேசத் தெரிய வேண்டாம், கோபத்தோடு வந்தாலும் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பேச்சியம்மாள் வீடு இப்போது எங்களுக்குச் சொந்தக்கார வீடு மாதிரி. எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு கூடியிருக்கிறது. வழி பிரிகிற இடத்தில் நிற்கிறவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்க வேண்டும்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஒருவர் காணாமல் போயிருக்கலாம். வழியே தெரியாமல் நீங்களே நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கலாம். உங்களைவிட்டு முன்னால் போய்ச் சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறவர் அல்ல நம் ஆண்டவர். கடைசி வண்டி வரவில்லை என்றால் திரும்பி வருகிறவர். அவரிடம் சொல்லுங்கள். திட்டியாவது சொல்லுங்கள்.

சமீபமாக, புல்லட் சத்தம் கேட்டாலும் அப்பா எல்லா நாளும் எழுந்து வருவதில்லை. வராத நாளில் நானே இறங்கிக் கேட்டைத் திறக்கிறேன். நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, "வண்டி வந்திருச்சா?" என்று கேட்பார்.

"வந்திருச்சுப்பா" என்பேன்.

"நாந்தான் வரும்னு சொன்னேன்ல" என்பார்.