வெண்டலின் வண்டியைப் பிரிக்காத நாள்

வெண்டலின் ஃபைஸ்ட் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது என் மாமியார் சூப்புக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார். பெரிய ரயில் கம்பெனி எங்கள் கிளைப் பாதை வேண்டாமென்று கைகழுவி ஒரு வருடம் ஆகியிருந்தது. எழுபத்தொரு மைல் பாதை, ஐந்து ஊர், கோதுமை சேர்த்துவைக்கிற ஐந்து தானியக் கோபுரம். யாரோ நாலு பேர் சேர்ந்து அதை வாங்கி, மூன்று பழைய எஞ்சின்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ரயில் என்றுதான் அதற்கு எங்கள் ஊரில் பெயர். யார் யாருக்கு வேலை கிடைத்தது என்று என் கணவர் கேட்டு வந்து சொன்னார்.

"வெண்டலினாம், கண்டக்டர்."

"எந்த வெண்டலின்? கோயில்ல நின்னு கூப்பிட்டா அஞ்சு பேரு திரும்புவான்" என்றார் மாமியார்.

"ரோக்குஸ் பேரன். அம்மா வழி குதிரைக்கால் செபாஸ்டியான் வீடு."

"அடக் கடவுளே, அந்த வம்சமா? அவன் தாத்தா சண்டை முடிஞ்சு சமாதானம் ஆன பெறகுதான் பட்டாளத்துக்குக் கெளம்புனாரு. அவன் கண்டக்டர்னா கோதுமை பெட்டியிலயே முளைச்சுரும்."

"வண்டியே மணிக்குப் பத்து மைலுதாம்மா போகுது. ரெண்டுக்கும் பொருத்தம்தான்."

அன்று சிரித்தோம். ஆளைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். நிதானமானவர்தான், ஆனால் சோம்பேறி இல்லை. நெட்டையான உடம்பு, தொங்கிய தோள், யாரையும் நேராகப் பார்க்காத கண். சின்ன ரயிலில் கண்டக்டருக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை கிடையாது. பெட்டிகளைக் கோக்க வேண்டும், கழற்ற வேண்டும், தண்டவாளம் பிரிகிற இடத்தில் இறங்கித் திருப்ப வேண்டும். எஞ்சினில் ஓட்டுநர் ஒருவர், கீழே இவர். மொத்தமே இரண்டு ஆள். ஓட்டுநர் பால்ட்சர். என் அத்தை மகள் ரோசினாவின் கணவர் எகிடிக்கு அவன் அக்கா மகன்.

மொன்டானாவுக்குப் பக்கத்து மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர் ரோசன்டாலைத் தண்டவாளம் இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. தெற்கே கோயில், பள்ளிக்கூடம், கடை, ஆம்புலன்ஸ் கொட்டகை. வடக்கே தானியக் கோபுரமும் எங்களைப் போல நாற்பது வீடுகளும். நடுவில் ஒரே ஒரு சாலை. செவ்வாயும் வெள்ளியும் வண்டி வந்து காலிப் பெட்டிகளை விட்டுவிட்டு, கோதுமை ஏற்றிய பெட்டிகளைக் கோத்துக்கொண்டு கிளம்பும்வரை அந்தச் சாலை அடைபட்டுக் கிடக்கும். சில நாள் ஒரு மணி நேரம். பெரிய கம்பெனிக் காலத்தில் நாங்கள் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து, கொக்கி மேல் ஏறித் தாண்டுவோம். ஒரு முறை என் பாவாடை மாட்டிக் கிழிந்தது.

வெண்டலின் வந்த முதல் மாதமே அதை மாற்றினார். வண்டி வந்து நின்றதும் சாலைக்கு நேரே இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இறங்குவார். பிரேக்குக்குப் போகிற காற்று வால்வை அடைத்து, பின்பாதிப் பெட்டிகளுக்குக் கைப் பிரேக் முறுக்கி, கொக்கியைத் தூக்கிவிட்டு பால்ட்சருக்குக் கையசைப்பார். முன்பாதி நகரும். நடுவில் சாலை திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் திரும்பக் கோத்து, குழாய் மாட்டி, காற்று ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பெட்டி பெட்டியாக நடந்து பார்க்க வேண்டும். அரை மணி நேரக் கூடுதல் வேலை. செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

"ஏம்ப்பா, ஒனக்கு வேற வேலை இல்லியா?" என்று என் மாமியாரே ஒருநாள் சாலையோரம் நின்று கேட்டார்.

"இல்லீங்க பெரியம்மா. வண்டி மெதுவாப் போற வண்டி, நானும் மெதுவாப் போற ஆளு. நீங்க போங்க, ஒங்களுக்குத்தான் அவசரம்."

அவர் வம்சத்தைப் பற்றி நாங்கள் பேசினது அவர் காதுக்குப் போயிருக்கிறது. மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டு நிறையப் பாலேடு வைத்த இனிப்பு ரொட்டி எஞ்சினுக்குப் போனது. பிறகு வடக்குப் பக்கத்து வீடுகள் முறை வைத்துக்கொண்டு கொடுத்தன. ஏழு வருடம் அப்படிப் போனது.

எட்டாம் குளிர்காலத்தில் ஜனவரி மாதம் ஒரு செவ்வாய். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. எச்சில் துப்பினால் தரையில் விழும்போது கல். வண்டியில் இருபத்தாறு பெட்டி. அந்தக் குளிரில் பிரேக் குழாய்களின் ரப்பர் மரக்கட்டை மாதிரி விறைத்துவிடும். ஒரு தடவை பிரித்தால் திரும்ப மாட்டும்போது வாய் பொருந்தாது, காற்று கசியும். முந்தின வாரம் அப்படித்தான் பிரித்துவிட்டு, காற்று ஏறாமல் மூன்று மணி நேரம் நின்றார்கள். பால்ட்சருக்குக் குளிரில் காது நுனி கறுத்துப்போனது.

வண்டி சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. வெண்டலின் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு ஆள் இல்லை, ஒரு கார் இல்லை. பிரிக்காமல் கடைசிப் பெட்டியை நோக்கி நடந்தார். காலிப் பெட்டிகளைத் திருப்பி விடுகிற ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தண்டவாளம் பிரிகிற இடத்தில் பனி இறுகிக் கிடந்தது. மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் குத்த ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது.

அந்த நேரத்தில்தான் எகிடி மாட்டுத் தொட்டியில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. பக்கத்து வீட்டிலிருந்து ரோசினா கத்தினது எங்கள் சமையலறைக்குக் கேட்டது. நான் ஓடி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ரோசினா போன் செய்ய உள்ளே ஓடினாள். ஆறு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் சாலைக்கு வந்துவிட்டது. அதன் ஊளை எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வரவில்லை.

சுற்றிப் போக ஆறு மைல், அந்தப் பாதை பனி மூடிக் கிடந்தது. ஊளை கேட்டதும் வெண்டலின் இருபது பெட்டி தூரம் பனியில் ஓடி வந்தார். இடுப்பில் இருந்த வயர்லெஸ் குளிரில் செத்திருந்தது. கொக்கி தளர எஞ்சினைப் பின்னால் தள்ளும்படி பால்ட்சருக்குக் கையை ஆட்டிவிட்டு, கொக்கியை இழுத்தார். வரவில்லை, உறைந்துவிட்டது. சுத்தியலால் அடித்தார், கையுறை கிழிந்து விரல் பிளந்து ரத்தம் வந்தது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நிமிடம். ஆம்புலன்ஸ் ஆட்கள் பையை மட்டும் தூக்கிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே ஏறித் தாண்டி ஓடி வந்தார்கள். வண்டி பிரிந்து ஆம்புலன்ஸ் ரோசினா வீட்டு முற்றத்துக்கு வந்தபோது என் மடியில் இருந்த தலைக்குக் கனம் கூடியிருந்தது.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் ரோசினா கேட்டாள். "சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஊரில் ஒருவரும் வெண்டலினைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாகிப்போனது. எப்போதும் பிரிக்கிறவர், அன்றைக்கும் பிரிக்கப் பார்த்திருக்கிறார், இரும்பு உறைந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அடக்கம் முடிந்து கோயில் நிலவறையில் சாப்பாடு. ரோசினாவே எழுந்து அவரிடம் போனாள். கட்டுப் போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ என்னப்பா பண்ணுவ? கை பிளக்கப் பாடுபட்டியே, அது போதும். சாப்பிடு."

அவர் தட்டில் இருந்த தொத்திறைச்சியை அப்படியே விட்டுவிட்டுப் படியேறிப் போனதைப் பார்த்தேன். துக்கம் என்று நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து வக்கீல் வந்து, வண்டியைப் பிரிப்பது அவர் கடமையே இல்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். பால்ட்சரும் அதையே சொல்லியிருக்கிறான். அவன் என்னிடம் ரொம்ப வருடம் கழித்துச் சொன்னது இது.

"டேய், செத்தது என் தாய்மாமன்டா. நானே வாயை மூடிக்கிட்டிருக்கேன். ஒனக்கு என்ன வந்துச்சு?"

"அண்ணே, எனக்குச் சோறு குடுக்குறாங்கண்ணே."

வடக்குப் பக்கத்து வீடுகள் முன்னைவிட அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. அவர் வாங்கிக்கொள்வார். பொட்டலம் பிரிக்காமலே எஞ்சினில் கெட்டுப்போகும்.

தவக்காலம் பிறந்து மூன்றாம் வாரம், மத்தியானம், ரோசினாவும் நானும் அவள் சமையலறையில் எகிடியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம், யார் யாருக்குச் சரியாக வரும் என்று பார்த்து. வெண்டலின் பின்கதவைத் தட்டினார். பூட்ஸைக் கழற்றாமல் கதவோரத்திலேயே நின்றார்.

"உள்ள வா, வெண்டலின். காப்பி இருக்கு."

"வேண்டாங்கக்கா. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்." என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். ரோசினா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அன்னைக்கு நான் பிரிக்கலக்கா."

"தெரியுமே. கொக்கி வரல."

"அதுக்கு முன்னாடி. வந்து நின்னப்பவே பிரிச்சிருக்கணும். அப்ப கொக்கி உறையல, தொட்டே பாக்கல. குளிருக்குப் பயந்துகிட்டு, யாரும் இல்லியேன்னு விட்டுட்டுப் போயிட்டேன். சத்தம் கேட்டப்புறந்தான் ஓடி வந்தேன்."

ரோசினா கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேங்கக்கா. கடவுள் மன்னிச்சுட்டாருன்னாரு."

"அப்பறம் இங்க எதுக்கு வந்த?"

அவர் தன் பூட்ஸிலிருந்து உருகுகிற பனியைப் பார்த்தார்.

"நான் ரெண்டு மாசமாத் தூங்கிட்டு இருந்தேன், வெண்டலின். விதின்னு நெனச்சுத் தூங்கினேன். இப்ப அந்தத் தூக்கத்த நீ எடுத்துட்டுப் போற. சந்தோசமா?"

"இல்லீங்கக்கா."

"என்ன செய்யப் போற?"

"வேலையை விட்டுட்டு மொன்டானாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு..."

அதுவரை தாழ்ந்த குரலில் பேசியவள் மேசையை அறைந்தாள். சட்டைகள் சரிந்தன. "ஓடுவியா? சொல்லிப்புட்டு ஓடுவியா? நான் தெனம் அந்தச் சாலையைத் தாண்டணும். நீயும் அங்கேயே நில்லு. செவ்வாயும் வெள்ளியும் நான் ஒன்னப் பாப்பேன், நீ என்னப் பாரு. போ."

அவர் போனார். வேலையை விடவில்லை. எந்தக் குளிரிலும் வண்டியைப் பிரித்தார். ரோசினா காரில் வருவாள், அவர் கையசைப்பார், அவள் தலையைத் திருப்பாமல் தாண்டிப் போவாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தார். ரோசன்டாலில் வீணாகும் நேரத்தைப் பார்த்து, இனி வண்டியைப் பிரிக்கக் கூடாது என்று கடிதம் போட்டார். மீறினால் வேலை போகும். வெண்டலின் அடுத்து வண்டி வந்த நாளே மீறினார். இரண்டாவது கடிதம் வந்தது. ஊர் கொதித்துப்போய்ப் பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம் போட்டது. மேலாளரும் வந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து வெண்டலினைப் புகழ்ந்தார்கள். எகிடி செத்த அன்றுகூட ரத்தம் சொட்டச் சொட்டப் பிரித்தவர் என்றார்கள். அவர் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனுஷர்தான், நான் இல்லேங்கல" என்றார் மேலாளர். "ஆனா அவரோட இரக்கத்தை நம்பி ரயில் ஓட்ட முடியாதுங்க."

ரோசினா எழுந்தாள்.

"அவரு சொல்றது சரி" என்றாள். "இரக்கத்தை நம்ப முடியாது. என் வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு இந்த வெண்டலின் வண்டியைப் பிரிக்கல. குளிருக்குப் பயந்து விட்டுட்டான். நீங்க பாத்த ரத்தமெல்லாம் அதுக்கு அப்பறம் வந்தது. அவனே என்கிட்ட சொன்னான். அதனால அய்யா, நல்ல மனுஷன்கிட்ட விடாதீங்க. விதியா எழுதுங்க. ரோசன்டால்ல வண்டி நின்னா பிரிக்கணும். யாரு கண்டக்டரா இருந்தாலும், எவ்வளவு குளிரா இருந்தாலும். எழுதிட்டுப் போங்க."

எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. அப்போது பால்ட்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"அத்தே, அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது நான். எஞ்சின்ல இருந்து நான்தான் கத்தினேன், பிரிக்காதடான்னு. அவன் என் பேரைச் சொல்லல."

ரோசினா அவனைப் பார்த்தாள். "ஒக்காரு பால்ட்சர்" என்றாள்.

கம்பெனி அந்த வசந்தத்தில் விதியை எழுதியது. ஒற்றை வரி. தானியக் கோபுரத்துச் சுவரிலும் ஒட்டினார்கள். பாதை நெடுக மற்ற ஊர்களும் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டன, இரண்டு ஊருக்குக் கிடைத்தது.

ஊரின் இனிப்பு ரொட்டி அதோடு நின்றது. சிலர் கோயில் வாசலில் வெண்டலினைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். வெறுப்பென்று சொல்ல மாட்டேன், கூச்சம்தான் அதிகம். அவ்வளவு புகழ்ந்துவிட்டோமே என்ற கூச்சம். அவருக்கு அதற்குப் பிறகுதான் சாப்பாடு இறங்கியது என்று பால்ட்சர் சொல்வான். எஞ்சினில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து தானே கட்டிக்கொண்டு வந்த ரொட்டியை ஒரு துண்டு விடாமல் தின்பாராம். இன்னும் பத்தொன்பது வருடம் அந்த வண்டியில் போனார். ரோசினா மன்னித்தேன் என்று அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்த பிறகு சாலையைத் தாண்டும்போது மட்டும் காரின் கண்ணாடியை இறக்கி, "குளிருது, தொப்பியை இழுத்து விட்டுக்கோ" என்பாள். கோடையிலும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாள். நின்று பேசியதில்லை. அவள் இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது.

வெண்டலினுக்கு இப்போது எழுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோசினா அன்று போக விடாத அந்த மொன்டானாவில்தான், தங்கை மகள் வீட்டில், பின்கட்டு அறையில் இருக்கிறார்.