சிற்றம்பலத்தாரின் எட்டு நிமிட ரக்பி

ஜெர்மன் தலைநகரின் நொய்கெல்ன் பகுதியில் துப்புரவு வேலை செய்யும் சிற்றம்பலத்துக்கு வயது நாற்பத்தெட்டு. ஏழு வருடமாக ஒரு ரக்பி கழகத்தின் மூத்தோர் அணியில் மாற்று ஆட்டக்காரர். மாற்று என்றால், மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிற உத்தியோகம். பயிற்சிக்குத் தவறாமல் போவார். ஆட்டத்தில்தான் ஒருவரும் இறக்கமாட்டார்கள். கழகக் கட்டடத்தில் ஒரு மரப்பலகை உண்டு. வெளிநாட்டு அணியோடு ஆடியவர்களின் பெயர்கள் அதில் பொன்னெழுத்தில் இருக்கும். தன் பெயரும் அதில் ஏறவேண்டும் என்று மனுஷன் நேர்த்தி வைக்காத குறை.

"அந்தப் பலகையைத் துடைக்கிறதே நீங்கள்தானே, ஒரு மூலையில எழுதிவிடுங்கோவன்," என்பாள் மனைவி புஷ்பராணி.

போன மாதம் வேல்ஸிலிருந்து ஒரு மூத்தோர் அணி ஆட வந்தது. ஆட்டம் முடிய எட்டு நிமிடம் மிச்சம். நம்மவர்கள் மூன்று புள்ளி பின்னால். ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. மாற்று ஆட்டக்காரர் குந்தும் வாங்கில் இருந்தது சிற்றம்பலம் மட்டும். பயிற்றுநர் வானத்தைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் அவரைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, பல்லுக் கவனம்!" என்று பார்வையாளர் பக்கமிருந்து கத்தினாள் புஷ்பராணி.

பந்து கைக்கு வந்ததும் சிற்றம்பலம் ஓடினார் பாருங்கள், அப்படியொரு ஓட்டம்! நெளிந்தார், குனிந்தார், மலைமாதிரி வந்த வேல்ஸ்காரர்கள் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்தார்கள். கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டார். இனிப் பந்தை நிலத்தில் அழுத்தினால் ஐந்து புள்ளி, வெற்றி.

ஆனால் அவை யாழ்ப்பாணத்தில் கிளித்தட்டு ஆடிய கால்கள். கிளித்தட்டில் கடைசிக் கோட்டைத் தாண்டினால் போதாது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் வெற்றி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சிற்றம்பலம் பந்தோடு திரும்பி, வந்த வழியே பறந்தார். வேல்ஸ்காரர்களுக்கு மறுபடியும் காற்றுத்தான் கிடைத்தது. மறிக்க வந்த சொந்த அணிக்காரர்களுக்கும் அதே கதிதான்.

"ஐயோ, அங்கால! அந்தப் பக்கம்!" என்று புஷ்பராணி தலையிலடித்துக்கொண்டாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் வேகமெடுத்தார். சொந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தை வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

விதிப்படி பந்து வேல்ஸ்காரரிடம் போனது. அடுத்த நிமிடமே ஐந்து புள்ளி எடுத்துவிட்டார்கள். தோல்வி. ஆட்டம் முடிந்து கழகக் கட்டடத்தில் கூடியதும், அவர் பெயரைப் பலகையில் போடவே கூடாது என்று பாதிப்பேர் குதித்தார்கள். சிற்றம்பலம் தலை நிமிரவில்லை. பாவம், அழுகையே வந்துவிட்டது. அப்போது வேல்ஸ் அணித்தலைவர் எழுந்தார். ஒரே ஓட்டத்தில் தங்களை இரண்டு தடவை ஏமாற்றியவரை நாற்பது வருடத்தில் கண்டதில்லை, பெயர் போடாவிட்டால் விருந்துக்கு இருக்கமாட்டோம் என்றார்.

பெயர் ஏறியது. புஷ்பராணி அதைப் படமெடுத்து ரொறன்ரோவிலுள்ள அக்காவுக்கு அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள்.

"ஓம் அக்கா, என்ர மனுசன்தான். ரெண்டு பக்கத்துக்கும் விளையாடினவர்."